கேள்வி – பதில்: சின்னத் தீவில் ஒரு ரம் வடிசாலை

தீவுகளில் சிறிய அளவில் ரம் வடிப்பதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். கீழே உள்ளவை உரிமம் பெற்ற வடிசாலைகளுக்கானவை.

கேள்வி: 1,000 லிட்டர் மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) ஊறலுக்கு என்ன அளவு? எவ்வளவு ரம் தேறும்?

பதில்: 80 பிரிக்ஸ் (நூறு கிராமில் சர்க்கரை முதலிய கரைந்த பொருள் எத்தனை கிராம் என்ற அளவு) மொலாசஸ் 250 கிலோ, தண்ணீர் சுமார் 820 லிட்டர். கலந்தபின் 18 முதல் 19 பிரிக்ஸ் காட்டும். மொலாசஸை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு 75 டிகிரி வரை சூடாக்கி, ராத்திரி முழுக்கத் தெளிய விடுங்கள். அடியில் சேறுபோல் தங்குவதில் கால்சியம் உப்புகள் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டால் வாலையின் (வடிக்கும் கலத்தின்) நீராவிக் குழாயில் படிவம் ஏறுவது பெருமளவு குறையும்.

ஊறல் 30 டிகிரிக்கு ஆறியதும் சிட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 4.8க்குக் கொண்டுவாருங்கள். மொலாசஸில் ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் குறைவு என்பதால் டைஅமோனியம் பாஸ்பேட் 400 கிராம் போடுங்கள். உலர் ஈஸ்ட் 700 கிராமை வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்துச் சேர்த்தால் போதும். ஊறல் முடியும்போது 6.5 முதல் 7 சதவீத ஆல்கஹால் இருக்கும். இருமுறை வடித்தால் 72 சதவீதத்தில் ஏறக்குறைய 50 லிட்டர் நடு வடி (முன்னும் பின்னும் வருவதை ஒதுக்கிய நல்ல பகுதி) வரும். அதை 43 சதவீதத்துக்கு இறக்கினால் 80 லிட்டரைத் தாண்டும்.

கேள்வி: நான்காம் நாள் 7 பிரிக்ஸில் ஊறல் நின்றுவிட்டது. மறுபடி ஈஸ்ட் போடலாமா?

பதில்: வேண்டாம், பெரும்பாலும் அது முடிந்த ஊறல்தான். மொலாசஸில் ஈஸ்ட் தொடாத உப்புகளும் பிற பொருள்களும் நிறைய உண்டு. அதனால் ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) பூஜ்யத்துக்கு இறங்காது. ஒரு நாள் முழுக்க அளவு மாறாமல், நாக்கில் இனிப்புத் தெரியாமல், லேசான கசப்பும் உப்பும் மட்டும் இருந்தால் வடிக்கலாம்.

11, 12 பிரிக்ஸில் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். முதலில் சூட்டைப் பாருங்கள். இந்த அளவு ஊறல், வெப்பம் வெளியே போக வழியில்லாவிட்டால், தானாகவே 15 டிகிரி வரை ஏறும். 32 டிகிரிக்குள் வைத்திருங்கள். 36ஐத் தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்துவிடும், புளிக்க வைக்கும் பாக்டீரியா அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெப்பத் தீவுகளில் மாலையில் ஊறல் போடுவதும், மொலாசஸை இரண்டு தவணையாகச் சேர்ப்பதும் நல்ல பழக்கம்.

கேள்வி: முதல் வடியில் மெத்தனால் இருக்கும் என்பதால்தான் கொட்டுகிறார்களா? நடு வடியை எங்கே பிரிப்பது?

பதில்: மெத்தனால் பெக்டினிலிருந்து வருவது. கரும்பில் பெக்டின் மிகக் குறைவு, ஆகவே ஒழுங்கான ரம் ஊறலில் அது பெரிய அளவில் உருவாகாது. உயிர்ப்பலி வாங்கும் மெத்தனால் பெரும்பாலும் யாரோ கலந்த தொழிற்சாலைச் சரக்குதான். மெத்தனால் முதல் வடியோடு முழுதாகப் பிரிந்து போய்விடுவதும் இல்லை. எனவே முன்பக்கத்தைக் கொட்டிவிட்டால் எந்தச் சரக்கும் பாதுகாப்பானது என்று நம்பிவிடக் கூடாது. முதல் வடியை ஒதுக்குவது அசிட்டால்டிஹைடுக்காகவும், நகப்பூச்சு வாடை அடிக்கும் எத்தில் அசிட்டேட்டுக்காகவும்.

1,000 லிட்டர் ஊறலை ஒருமுறை வடித்தால் 28 சதவீதத்தில் சுமார் 220 லிட்டர் கிடைக்கும். அதை இரண்டாம் முறை ஏற்றும்போது முதல் ஒன்றரை லிட்டரை அப்புறப்படுத்துங்கள். அடுத்து வருவதை அரை லிட்டர் ஜாடிகளில் வரிசையாகப் பிடித்து எண் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றிலும் சிறிதளவு எடுத்துச் சம அளவு தண்ணீர் விட்டு முகர்ந்து பாருங்கள். 70 சதவீதத்தில் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும், வித்தியாசம் பிடிபடாது. காரமான வாடை அடங்கி, வாழைப்பழமும் வெல்லமும் கலந்த மணம் எழும் ஜாடியிலிருந்து நடு வடி.

முடிவு எங்கே என்பதுதான் ரம்முக்கு உயிர். 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது ஈர அட்டை வாடை தலைகாட்டும். ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் கரும்பின் எண்ணெய்ப்பசையும் கனமும் வரும். பயந்து சீக்கிரம் நிறுத்தினால் வோட்கா போல வெறுமையாகிவிடும். பீப்பாய்க்குப் போகும் சரக்கில் இந்த முடிவுப் பக்கத்து ஜாடி ஒன்றிரண்டைத் தாராளமாகச் சேர்க்கலாம், உடனே புட்டியில் அடைப்பதில் கூடாது. மிஞ்சிய முன், பின் வடிகளை அடுத்த முறைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வடியில் நீலச்சாயல் தெரிந்தால் செப்புக் குளிர்குழாயின் உள்ளே அழுக்கு ஏறியிருக்கிறது, செம்பு கரைந்து வருகிறது என்று பொருள். சிட்ரிக் அமிலத்தால் கழுவாமல் தொடர வேண்டாம்.

கேள்வி: ஜமைக்கா ரம்மின் அந்த முரட்டு மணத்தை நாமும் கொண்டுவர முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். வடித்தபின் கொப்பரையில் மிஞ்சும் புளித்த நீரை அங்கே டண்டர் என்பார்கள். அதை ஊறலின் தண்ணீரில் 20 சதவீதம் வரை சேர்த்து, ஊறலை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அமிலங்கள் கூடி எஸ்டர்கள் (பழ மணம் தரும் சேர்மங்கள்) பெருகும். ஆல்கஹால் அளவு குறையத்தான் செய்யும். ஜமைக்காவில் எஸ்டருக்கான உச்ச வரம்பு, 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1,600 கிராம். அதன் விளிம்பில் நிற்கும் ரம்மைத் தனியாகக் குடிக்கச் செய்வதைவிட மற்ற ரம்களோடு கலக்கவே அதிகம் செய்கிறார்கள். எதற்கு அந்த மணம் என்று தீர்மானித்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: கரும்புச் சாற்றிலேயே செய்தால்?

பதில்: 1996இல் புவிசார் தரச்சான்று பெற்ற மார்ட்டினிக் ரம் அப்படித்தான். ஆனால் வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் பிழிய வேண்டும், சாறு சில மணி நேரத்தில் புளித்துவிடும். பக்கத்தில் தோட்டம் இல்லாதவர்களுக்கு இது சரிவராது.

கேள்வி: தீவில் தண்ணீர் பஞ்சம். குளிர்விக்கக் கடல்நீரும், கழிவுக்குக் கடலும் போதாதா?

பதில்: கடல்நீர் சரி, ஆனால் நேராகக் குளிர்கலனுக்குள் விடாதீர்கள், சாதாரண எஃகு சீக்கிரமே பொத்தலாகும். டைட்டானியம் தகடு வெப்பமாற்றியில் கடல்நீர் ஒரு பக்கம், திரும்பத் திரும்பச் சுற்றும் நன்னீர் மறுபக்கம் என்று வையுங்கள். வடி வெதுவெதுப்பாக இறங்க விடக்கூடாது. ஆல்கஹால் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். காற்றில் 3.3 சதவீதம் எட்டினாலே தீப்பொறியில் வெடிக்கும்.

கழிவைக் கடலில் விடவே கூடாது. ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்குப் பன்னிரண்டு லிட்டர் அளவுக்குக் கழிவு வரும். அது நீரின் ஆக்சிஜனை உறிஞ்சி, கருநிறத்தால் வெளிச்சத்தையும் மறைத்துப் பவளப்பாறையைக் கொல்லும். ஆறவைத்து, நீர்க்கச் செய்து வயலில் அளவோடு பாய்ச்சுங்கள். பொட்டாசியம் நிறைந்தது, கரும்புக்கு நல்லது. அளவு மீறினால் மண் உப்பாகிவிடும்.

கேள்வி: வெள்ளை ரம் புட்டியில் கலங்குகிறது. ஏன்?

பதில்: ஒரு புட்டியை வெந்நீரில் வைத்துப் பாருங்கள். தெளிந்தால் பின் வடியின் எண்ணெய்கள்தான் காரணம். குளிரவைத்து வடிகட்டலாம், அல்லது தண்ணீர் சேர்ப்பதை 46 சதவீத ஆல்கஹாலிலேயே நிறுத்தலாம். தெளியாமல் துகளாக நின்றால் தண்ணீரின் கால்சியம். எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்த நீரை மட்டும், பத்து நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். 100 லிட்டர் 70 சதவீத வடியை 43க்கு இறக்க, கணக்குப்படி 62.8 லிட்டர் போதும்போலத் தோன்றும். கலக்கும்போது கன அளவு சுருங்குவதால் 65 லிட்டர் பிடிக்கும்.