அமெரிக்க மாநிலங்களின் வரலாற்றைப் படிக்க இணையத்தில் நல்ல தளங்கள் எவை?

ஐம்பது மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரே தளத்தைத் தேடாதீர்கள். ஒரு மாநிலத்தை எடுத்துக்கொண்டு, அந்த மாநிலத்துக்காரர்களே நடத்தும் கலைக்களஞ்சியத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து மூல ஆவணங்களுக்குப் போங்கள்.

டெக்சஸை வைத்தே சொல்கிறேன். 1897-ல் தொடங்கப்பட்ட டெக்சஸ் மாநில வரலாற்றுச் சங்கத்தின் 'ஹேண்ட்புக் ஆஃப் டெக்சஸ்' இணையத்தில் இலவசம். நம் மாவட்டங்களைப் போன்ற 254 கவுன்டிகளுக்கும் தனித்தனிக் கட்டுரை உண்டு. ஆளே இல்லாமல் போன ஊர்களுக்குக்கூட இருக்கிறது. எதைப் பார்த்து எழுதினார்கள் என்ற விவரம் கட்டுரையின் கீழேயே இருக்கும். அதைத் தவறாமல் பாருங்கள்.

ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. 1861-ல் டெக்சஸ் ஏன் அமெரிக்காவை விட்டுப் பிரிந்தது? மாநில உரிமைக்காக என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 2 அன்று பிரிவினை மாநாடு ஏற்றுக்கொண்ட காரண அறிக்கை, டெக்சஸ் மாநில நூலகத்தின் தளத்தில் முழுதாக இருக்கிறது. சில பக்கங்கள்தான். கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருக்கும் முறை எக்காலத்துக்கும் நீடிக்க வேண்டும் என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டால் மாநில உரிமை என்ற பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அடிமைகளாக இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? 1936 முதல் 1938 வரை அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் அவர்களை நேரில் கண்டு எழுதிய 2,300-க்கும் மேற்பட்ட நினைவுரைகள் அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் மாநிலவாரியாக இருக்கின்றன. பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பேசியவர்களோ தள்ளாத வயதினர், பலர் வறுமையில் இருந்தவர்கள். எதையெல்லாம் சொல்லப் பயந்திருப்பார்கள் என்பதையும் யோசித்தபடி படியுங்கள்.

அப்புறம் பழைய செய்தித்தாள்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா', வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் 'போர்ட்டல் டு டெக்சஸ் ஹிஸ்டரி' இரண்டும் அருமையானவை. 1900 செப்டம்பர் 8 அன்று டெக்சஸின் கடலோர நகரமான கால்வெஸ்டனைப் புயல் அழித்தது. குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். அந்த வாரத்து இதழ்களை நாள்வாரியாகப் புரட்டுங்கள், சில நூறு பேர் என்று தொடங்கிய கணக்கு ஆயிரக்கணக்காக ஏறுவது தெரியும். ஒரு விஷயம்: மங்கிய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்திருக்கும். தேடிய சொல் கிடைக்கவில்லை என்பதால் செய்தியே வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். தேதியை வைத்துத் தேடுங்கள்.

மற்ற மாநிலங்களில், ஜார்ஜியாவுக்கு 'நியூ ஜார்ஜியா என்சைக்ளோபீடியா', வட கரோலினாவுக்கு 'என்சிபீடியா', வாஷிங்டன் மாநிலத்துக்கு 'ஹிஸ்டரிலிங்க்', ஆர்கன்சாவுக்கு 'என்சைக்ளோபீடியா ஆஃப் ஆர்கன்சா' எல்லாமே இலவசம். கலிஃபோர்னியா என்றால் 'கலிஸ்ஃபியர்' தளத்தின் புகைப்படங்களிலிருந்து தொடங்குங்கள். எந்த மாநிலம் என்று கமெண்டில் சொன்னால், முதலில் படிக்க வேண்டிய ஆவணம் ஒன்றைச் சொல்கிறேன்.