தேயிலைத் தண்டுக்குள் ஒரு பூஞ்சைத் தோட்டம்

கேள்வி: கூடலூரில் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். கவாத்து (செடியைக் குறைத்து வெட்டுவது) முடிந்த இரண்டாம் ஆண்டில் கிளைகளில் குண்டூசித் தலையளவு துளைகள் தெரிகின்றன. கொழுந்து பறிக்கும்போதே கிளைகள் ஒடிகின்றன. பூச்சிமருந்து பயன் தரவில்லை. இந்தத் துளைகளைப் போடும் வண்டு பூஞ்சையைத் தின்று வாழ்கிறது என்கிறார்கள். அப்படியானால் பூஞ்சைக்கொல்லி தெளிக்கலாமா?

பதில்: தெளிக்க வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அந்தப் பூஞ்சை வளர்வது தண்டின் நடுவில், தெளிப்பு சென்று சேராத இடத்தில்.

துளையின் வாயில் ஒட்டியிருக்கும் மரத்தூளைப் பாருங்கள். மரம் உணவாக இருந்தால் வண்டு அதை வெளியே தள்ளியிருக்காது. இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் வண்டு, தன் வாய்ப்பகுதியிலுள்ள நுண்ணிய பைகளில் பூஞ்சை வித்துகளைச் சுமந்து வந்து, குடைந்த சுரங்கத்தின் சுவரில் அவற்றை விதைக்கிறது. இலங்கைத் தேயிலையில் கண்டெடுத்து காட், லூஸ் என்னும் இருவர் 1947-இல் விவரித்த இந்தப் பூஞ்சைக்கு இன்று ஃபியூசேரியம் அம்ப்ரோசியம் என்று பெயர். வண்டின் புழுக்கள் அதை மேய்ந்தே வளர்கின்றன. பறக்க இயலாத ஆண் வண்டுகள் உள்ளேயே தம் உடன்பிறந்த பெண் வண்டுகளுடன் இணைகின்றன. கருவுற்ற பெண் வண்டுகள் பைகளில் வித்துகளை நிரப்பிக்கொண்டு வெளியேறுகின்றன. வண்டு இல்லாமல் பூஞ்சைக்குப் புதிய தண்டு கிடைப்பது அரிது. பூஞ்சை இல்லாமல் வண்டுக்குச் சந்ததியே இல்லை. வண்டுகள் வெளியே நடமாடும் குறுகிய காலத்தில் மட்டுமே மருந்து அவற்றின் மேல் படும் என்பதால்தான் உங்கள் தெளிப்பு வீணாயிற்று.

இந்தக் கூட்டுறவின் பலவீனம் ஈரம். தண்டு காய்ந்தால் பூஞ்சை வளராது. பூஞ்சை வளராவிட்டால் புழு பட்டினி கிடக்கும். ஆகவே அடுத்த கவாத்தில், இலைகளை மண்ணுக்கு மூடாக்காக விட்டுவிட்டு, துளை விழுந்த பென்சில் பருமனுள்ள கிளைகளை மட்டும் பொறுக்கியெடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, நல்ல வெயிலில் பரப்பி உலர்த்துங்கள், அல்லது எரித்துவிடுங்கள். நிழலில் குவித்து வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது; அதைவிடப் பெரிய தவறு வேறில்லை, அந்தக் குவியலிலிருந்தே புதிய வண்டுகள் புறப்பட்டு இளங்கிளைகளுக்கு வரும். ஒடிந்த கிளைகளையும் அவ்வப்போது துளைக்குக் கீழே, நல்ல மரம் தெரியும் வரை வெட்டிவிடுங்கள். திறந்து கிடக்கும் சுரங்கத்தின் வழியே மர அழுகல் தூருக்குள் இறங்கும்.

வேலியோரம் ஆமணக்கு நின்றால் அதன் தண்டையும் பிளந்து பாருங்கள். இந்த வண்டு அதிலும் பெருகும்.