மாலுமி எழுதிய பனி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ராஜபாளையம் வாசகர்): துருவக் கடல்பனியைச் செயற்கைக்கோள் தொடர்ச்சியாக அளக்க ஆரம்பித்ததே 1978-ல்தான் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அண்டார்டிகாவில் நூறு வருஷத்துக்கு முன்னாலும் ஏறக்குறைய இதே அளவு பனிதான் இருந்தது, அண்டார்டிகாவை ஆராயப் போன ஸ்காட், ஷாக்கில்டன் காலத்துக் கப்பல் டைரிகளே சாட்சி என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். டைரியை வைத்து அப்படிச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்த வீடியோ பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. அது 2016-ல் வந்த ஆய்வு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் எடின்பரோ, ஜொனாதன் டே இருவரும் 1897-லிருந்து 1917 வரை தென்கடலுக்குப் போன 11 கப்பல் பயணங்களின் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, எந்தத் தேதியில் எந்த இடத்தில் கப்பலுக்கு முன்னால் பனி வந்தது என்று பொறுக்கியெடுத்து, செயற்கைக்கோள் காட்டும் பனி விளிம்போடு ஒப்பிட்டார்கள். கோடைப் பனி அதிகபட்சம் 14 சதவீதம் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான் என்று விடை வந்தது. அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் மட்டும் விளிம்பு நன்றாகவே பின்வாங்கியிருந்தது.

வீடியோ விட்டுவிட்ட பாதி இதுதான்: அந்த ஆய்வின் ‘இன்று’ 2016-க்கு முந்தைய இன்று. அதற்கப்புறம் அண்டார்டிக் பனி மளமளவென்று சரிந்து, 2023 பிப்ரவரியில் 17.9 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று செயற்கைக்கோள் காலத்தில் அதுவரை பார்க்காத அளவுக்கு இறங்கியது. ஆய்வில் தப்பில்லை. அதன் தேதியை மறைத்துவிட்டுப் பேசுவதுதான் தப்பு, அதுவும் இவ்வளவு பேர் பார்க்கிற இடத்தில்.

சரி, டைரி விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வாளர்களுக்குத் தலைவர்கள் எழுதிய நாட்குறிப்பைவிட, கப்பலின் அன்றாடப் பதிவேடான லாக்புக்தான் பெரிய புதையல். பெரிய தாளில் கோடு போட்டு, மணிக்கு மணி, சில கப்பல்களில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், காற்றழுத்தமானி என்ன காட்டியது, வெப்பம் எவ்வளவு என்று அந்த நேரத்துக் காவல் முறைக்காரர் எழுதிக்கொண்டே போவார். வானத்துக்கு ஒற்றை எழுத்துதான்: பி என்றால் நீல வானம், எஸ் என்றால் பனிப்பொழிவு. கடல்பனிக்கென்று பல லாக்புக்குகளில் தனிக் கட்டமே கிடையாது. கீழே ‘குறிப்பு’ என்று விட்ட இடத்தில், பாயை இறக்கியது, ஒருவருக்குக் காய்ச்சல் என்பதற்கு நடுவே ‘காலை பத்து மணிக்குத் தென்கிழக்கில் தளர்ந்த பனி’ என்ற மாதிரி ஒரு வரி கிடக்கும். பருவநிலை பற்றி எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் அந்த மனிதருக்கு இல்லை. கப்பல் உடையக் கூடாது என்பதற்காக எழுதினார். அதனால்தான் எனக்கு அந்த வரி மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் வரியை நம்புவது வேறு, வரியிலிருந்து வரைபடம் போடுவது வேறு. ஒரு கேப்டனுக்கு ‘அடர்ந்த பனி’ என்பது இன்னொருவருக்கு ‘போகக்கூடிய பனி’. குறிப்பில் பனி இல்லை என்றால் கடலில் பனி இல்லை என்று அர்த்தம் ஆகாது, எழுதாமலும் விட்டிருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு ‘விளிம்பு’களும் ஒன்றல்ல என்பது. கடற்பரப்பில் 15 சதவீதமாவது பனி மூடியிருந்தால்தான் செயற்கைக்கோள் கணக்கில் அது பனிப் பகுதி. கப்பல்தளத்தில் நிற்பவருக்கோ அதற்கு வெகு முன்னாலேயே சிதறிக் கிடக்கும் கட்டிகள் தெரியும், உடனே எழுதிவிடுவார். கோடையில் பனி உருகி ஈரமாக இருக்கும்போது செயற்கைக்கோள் இன்னும் குறைத்துக் காட்டும். இந்தக் காலத்துக் கப்பல்களை வைத்தே ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டு விளிம்புக்கும் நடுவே ஒன்றிரண்டு டிகிரி கூட வித்தியாசம் வருகிறது. ஒரு டிகிரி அட்சரேகை என்றால் 111 கிலோமீட்டர். இதைக் கழிக்காமல் விட்டால், இல்லாத பனி உருகியதாகக் கணக்கு வந்துவிடும்.

இதே மாதிரிச் சிக்கல் திமிங்கில வேட்டைப் பதிவுகளிலும் வந்தது. பனி விளிம்பை ஒட்டித்தான் திமிங்கிலம் மேயும் என்பதால், ஆகத் தெற்கே எங்கே பிடித்தார்கள் என்று பார்த்தால் விளிம்பு கிடைத்துவிடும் என்று வில்லியம் டி லா மேர் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டார். 1950-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கத்துக்குள் கோடைப் பனி கால்பங்கு சுருங்கியது என்று 1997-ல் எழுதினார். அழகான யோசனை. ஆனால் அதே வருஷங்களில் பிடிக்கும் திமிங்கில இனமே மாறிவிட்டது, அப்படியிருக்க இடம் மாறியது பனியாலா, வேட்டையாலா என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கேள்வி (திண்டுக்கல் வாசகி): ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் அவர்கள் எழுதிய இடம் சரியாகவா இருக்கும்?

பதில்: ஷாக்கில்டனின் எண்டூரன்ஸ் கப்பல் 1915 நவம்பர் 21-ல் வெடல் கடலில் மூழ்கியது. கேப்டன் ஃபிராங்க் வொர்ஸ்லி மிதக்கும் பனி மேல் நின்று, செக்ஸ்டன்ட் கருவியில் சூரியனைப் பார்த்து, இடத்தைக் குறித்துவைத்தார். 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் கப்பல் கிடைத்தபோது, அவர் எழுதிய இடத்திலிருந்து சுமார் 4 மைல் தெற்கே இருந்தது. நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கைக்கணக்கு! பனி விளிம்புக்கு அட்சரேகைதான் முக்கியம், அது நண்பகல் சூரியனின் உயரத்தைப் பார்த்தாலே கிடைத்துவிடும். தீர்க்கரேகைக்குத்தான் கடிகாரம் பிசகக் கூடாது. நாள் கணக்கில் மூட்டமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

கேள்வி (கோவை வாசகர்): வட துருவத்துக்கும் இப்படிப் பதிவுகள் உண்டா? இதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

பதில்: உண்டு, அங்கே இன்னும் பழையது. 1778 ஆகஸ்டில் கேப்டன் குக் பெரிங் நீரிணையைத் தாண்டி வடக்கே போனபோது, 70 டிகிரி 44 நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு அடி உயரச் சுவர் மாதிரி பனி மறித்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஸ்டெர்ன் குக்கின் குறிப்புகளையும் பிற்காலப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தார். ஆகஸ்டில் விளிம்பு 1990-கள் வரைக்கும் கிட்டத்தட்ட அந்தப் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறது. இப்போது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே போய்விட்டது.

படிப்பது பெரும்பாலும் உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். 2010-ல் ‘ஓல்ட் வெதர்’ என்ற திட்டம் முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் கடற்படை லாக்புக்குகளோடு தொடங்கியது, பிறகு அமெரிக்க ஆர்க்டிக் கப்பல்களுக்குப் போனது. பக்கங்களைப் படம் எடுத்து இணையத்தில் வைத்தார்கள், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள். ஒரே பக்கத்தை ஒன்றுக்கு மேற்பட்டவர் படிப்பதால் கையெழுத்தில் 1 எது, 7 எது என்ற தகராறு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதில் ஜீனெட் கப்பலின் லாக்புக்கும் ஒன்று. 1879-ல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, பனியில் சிக்கி, கிட்டத்தட்ட 21 மாதம் பனியோடேயே மிதந்து 1881 ஜூனில் நொறுங்கியது. அப்புறம் படகுகளைப் பனி மேல் இழுத்துக்கொண்டு நடந்தார்கள், அந்தக் கனத்தோடு லாக்புக்குகளையும் சுமந்தார்கள். சைபீரியாவின் லீனா ஆற்றுக் கழிமுகத்தில் கரையேறியதும், இனித் தூக்க முடியாது என்ற நிலையில் கேப்டன் டி லாங் அவற்றைக் கரையிலேயே விட்டுவைத்தார். 33 பேரில் 13 பேர்தான் பிழைத்தார்கள், டி லாங் பிழைக்கவில்லை. பிழைத்த என்ஜினியர் மெல்வில் அந்த நவம்பரிலேயே திரும்பப் போய் லாக்புக்குகளை மீட்டார். அவை இப்போது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

உங்களுக்கும் ஆசை இருந்தால் ஜூனிவர்ஸ் தளத்தைத் திறந்து பாருங்கள், பழைய பதிவுகளைப் படித்துத் தட்டச்சு செய்யும் திட்டங்கள் அங்கே வந்துகொண்டே இருக்கும். பழைய ஆங்கிலக் கையெழுத்து முதல் நாள் கண்ணைக் கட்டும், பத்துப் பக்கம் தாண்டினால் பழகிவிடும்.