பத்திரம் எழுதினால் வீடு போய்விடுமா?

வீட்டு வாடகைச் சட்டம் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் கும்பகோணத்தில் பத்திரம் எழுதுகிறவன், வக்கீல் அல்ல. வழக்கு என்று ஆகிவிட்டால் வக்கீலைப் பாருங்கள். வழக்கு வராமல் இருக்க என்ன எழுத வேண்டும் என்பது என் வேலை.

மாடி போர்ஷனில் வங்கி ஊழியர் ஒருவர் குடியிருக்கிறார். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம் என்று அவரே கேட்கிறார். "பதிவு செய்தால் அப்புறம் அவனைக் கிளப்பவே முடியாது" என்கிறார் என் மைத்துனர். என்ன செய்யட்டும்? – வாசகர், மன்னார்குடி

உங்கள் மைத்துனருக்கு நிலம் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் இந்தப் பயம் வயலிலிருந்துதான் வீட்டுக்குள் வந்தது. 1955-இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-இல் அவர் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்தது. குத்தகை பாக்கி வைப்பது போன்ற சில காரணங்கள் இருந்தால் ஒழிய, உழுகிறவரை வெளியேற்ற முடியாது. அது அவருக்குச் சேர வேண்டிய பாதுகாப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அன்றிலிருந்து நிலம் வைத்திருந்த குடும்பங்களில் "எதையும் எழுத்தில் கொடுக்காதே" என்பது பாட்டன் சொத்து மாதிரி கைமாறி வருகிறது. டவுனில் வீடு வைத்திருந்தவர்களுக்கு 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தப் பயத்தை இன்னும் உறுதியாக்கியது. ஒப்பந்தக் கெடு முடிந்தாலும் வாடகைதாரர் இருந்துகொண்டே இருக்கலாம், நியாய வாடகை என்று நீதிமன்றம் தொகை நிர்ணயிக்கும் என்பதெல்லாம் அந்தக் காலம்.

அந்த 1960 சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 முதல் அமலில் இருக்கிறது. வயலுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. வாடகை எவ்வளவு, எத்தனை காலம், எப்போது எவ்வளவு ஏற்றுவது எல்லாம் நீங்களும் அவரும் பேசி எழுதிக்கொள்வதுதான். எழுத்து கட்டாயம். அந்த எழுத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் கட்டாயம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை அந்தப் பொறுப்பில் ஆட்சியர் நியமிக்கிறார். அரசின் இணையதளம் வழியாகவே விண்ணப்பித்துப் பதிவு எண் வாங்கலாம். பதிவாகாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக்கு "இவர் இந்தத் தேதியில் காலி செய்வதாக எழுதியிருக்கிறார்" என்று போய் நின்றால் அது சாட்சியமாக ஏறாது. ஆக, பதிவு செய்யாமல் விட்டால் முதலில் கை கட்டிப்போவது உங்களுக்குத்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பதினோரு மாதம் என்று எழுதுகிற வழக்கம் சார்பதிவாளர் அலுவலகப் பதிவைத் தவிர்ப்பதற்காக வந்தது, ஏனென்றால் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தை அங்கே பதிந்தாக வேண்டும். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. பதினோரு மாதம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. உங்கள் வாடகைதாரர் தானாகவே முன்வருகிறார் என்றால் நல்ல மனிதர்தான். இந்த வாரமே உட்கார்ந்து எழுதுங்கள்.

அப்பா காலத்தில் விட்ட கடை. பெரிய தெருவில் இருக்கிறது. முப்பது வருடமாக ஒரே ஆள், ஒரு காகிதமும் இல்லை, சொற்ப வாடகை. ஒப்பந்தம் போடலாம் என்றால் "உங்க அப்பா வாய்ச்சொல் போதும்மா" என்று சிரிக்கிறார். – வாசகி, கும்பகோணம்

அவர் சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது, அம்மா. காகிதம் இல்லாமல் இருப்பது இதுவரை அவருக்கு வசதி. பழைய வாய்மொழி வாடகைக்கும் இந்தச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அவர் ஒப்பந்தத்துக்கு வராவிட்டால் அதுவே அவரைக் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகச் சட்டம் தரும் காரணம். 21-ஆம் பிரிவில் முதலாவதாகவே அது இருக்கிறது.

நேராக அங்கே போய்விடாதீர்கள். முதலில் நியாயமான வாடகையுடன் ஒரு வரைவைத் தயார் செய்து, பதில் சொல்ல நாள் குறிப்பிட்டு, கையில் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கிற மாதிரி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். தபால் ரசீதைக் கடைப் பத்திரத்தோடு வையுங்கள். அப்பா பெயரில் இருக்கும் சொத்து வரி ரசீதும் பட்டாவும் உங்கள் பெயருக்கு மாறாமல் இருந்தால் அந்த வேலை முதலில் நடக்க வேண்டும். இல்லையென்றால் "நீ யாரம்மா வாடகை கேட்க" என்று வக்கீல் வழியாகக் கேட்பார். முப்பது வருட வாடகைதாரர்களில் பாதிப் பேர் அந்தத் தபால் கைக்குக் கிடைத்ததும் பேச வருவார்கள் என்பது என் அனுபவம். வந்தால் காபி கொடுத்துப் பேசுங்கள், அப்பாவின் சிநேகிதர்தானே.

மூன்று மாதமாக வாடகை வரவில்லை. மோட்டார் சுவிட்ச் என் பக்கம்தான் இருக்கிறது. அணைத்துவிடலாமா? – வாசகர், மயிலாடுதுறை

கூடாது சார். தண்ணீர், கரண்ட், மாடிப்படி எதையும் நிறுத்தக்கூடாது என்று 20-ஆவது பிரிவு தடுக்கிறது. அணைத்தால் புகார் உங்கள் மேல் போகும், பாக்கி வைத்தவர் பாவப்பட்டவராகிவிடுவார். இரண்டு மாத பாக்கியே காலி செய்யக் கோரும் காரணம்தான். பாக்கித் தொகையைக் குறித்து நோட்டீஸ் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்த முறை தப்பித்துக்கொள்வார், மறுபடி அதே ஆட்டம் ஆடினால் சலுகை கிடையாது. வாடகை வாங்கும்போதெல்லாம் ரசீது கொடுத்திருந்தால் கணக்கு சுலபம். கொடுத்தீர்களா?

எங்களுடையது முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. மழைக்கு முன் ஓடு மாற்று, வெள்ளையடி, குழாய் ஒழுகுகிறது என்று வாடகைக்கு இருப்பவர் அடுக்குகிறார். எல்லாம் என் தலையிலா? – வாசகி, திருவாரூர்

எல்லாம் இல்லை, பெரியவை உங்களுடையவை. கூரை, சுவர், வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயில் வாஷர் போடுவது, சுவிட்ச், பிளக், உடைந்த ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இப்படிப் பிரித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் இடம் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் அவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம்.

டெல்டா வீட்டுக்கு நான் எழுதும் பத்திரத்தில் தனியாக ஒரு பக்கம் இருக்கும். முற்றத்துத் தாழ்வாரத்தில் எந்தப் பக்கம் ஓடு நகர்ந்திருக்கிறது, சுவரில் உப்பு பூத்துச் சுண்ணாம்பு உதிர்வது தரையிலிருந்து எத்தனை அடி வரை, கிணற்று ராட்டினம் உண்டா, ஃபேன் எத்தனை, அதில் ஓடாதது எது. இருவரும் அந்தப் பக்கத்தில் கையெழுத்து போட வேண்டும். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறினால் அது வாடகைதாரர் செய்த சேதம் அல்ல என்பது அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும். புரட்டாசிக்குள் ஓட்டைப் பார்த்துவிடுங்கள், மழை தொடங்கிவிட்டால் கொத்தனார் கிடைக்கமாட்டார்.

பத்து மாத அட்வான்ஸ் வாங்கிவந்தோம். இனி? – வாசகர், தஞ்சாவூர்

குடியிருப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் பொது அளவு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். அட்வான்ஸை எடுத்து நாற்று நடவுக்குப் போட்டுவிட்டு அறுவடை வரட்டும் என்று சொல்லும் வழக்கம் இனி செல்லாது.

மகாமகக் குளம் பக்கம் வீடு. 2028 மகாமகத்துக்கு உறவுக்காரர்கள் வந்து தங்க வீடு வேண்டும். இப்போது வாடகைக்கு விடலாமா? – வாசகர், கும்பகோணம்

தாராளமாக விடலாம். மாசி மாதத்துக்குச் சில மாதம் முன்னால் முடிகிற மாதிரி கெடு போடுங்கள். கெடு முடிவதற்கு முன்பே புதுப்பிக்கப்போவதில்லை என்று எழுத்தில் நோட்டீஸும் கொடுத்துவிடுங்கள். வாடகை முறைப்படி முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் முதல் இரண்டு மாதம் இரட்டை வாடகை, அதற்கு மேல் நான்கு மடங்கு கேட்க வழி இருக்கிறது. ஆனால் பணம் வந்தாலும் உறவுக்காரர்களைத் தங்கவைக்க இடம் வராது. அதனால் கெடுவைப் புரட்டாசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.