நாலு அம்மாக்கள் கேட்டால் என்ன தப்பு?

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் டேப்லெட் தர ஓர் அறக்கட்டளை முன்வந்திருக்கிறது. அதன் தலைவர் பெருநகரங்களில் கல்வித்துறை உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நாலைந்து பெண்கள், "இது எதுக்கு, ரிப்பேர் ஆனா யார் பார்ப்பா?" என்று முட்டுக்கட்டை போடுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் டீஸி என்ற நிர்வாகி பில் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து வந்து பள்ளிகளையே மாற்றினார் என்று படித்தேன். அப்படிப்பட்டவர்கள் கிடைத்தால் நம் ஆட்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: டீஸி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதிக் கதை முழுக்க டேப்லெட்தான்.

கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலும் பிறகு மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் வட்டாரத்திலும் பொதுப் பள்ளிகளுக்குத் தலைமை நிர்வாகியாக இருந்தவர் டீஸி. அங்கிருந்து கேட்ஸ் அறக்கட்டளையின் கல்விப் பிரிவுக்குப் போனார். 2010இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி நிர்வாகத்தில் துணைத் தலைவர், 2011இல் தலைவர். நியூயார்க்குக்கு அடுத்தபடியாக அமெரிக்காவின் பெரிய பள்ளி நிர்வாகம் அது. அப்போது ஆறு லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள். அங்கே அவர் நல்லதும் செய்தார். வகுப்பறையிலேயே காலை உணவு கொடுக்கும் திட்டம் நகரத்துக் கொடையாளர்களின் பணத்தோடு விரிவடைந்தது (நம்மூரில் முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில்தான் வந்தது). எதிர்த்துப் பேசினான், சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியைவிட்டு இடைநீக்கம் செய்யும் வழக்கமும் அவர் காலத்தில்தான் நிறுத்தப்பட்டது.

அப்புறம் வந்தது ஐபேட். எல்லா மாணவர்களுக்கும் ஒன்று, மொத்தத் திட்டம் 100 கோடி டாலருக்கு மேல். பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பள்ளிக் கட்டடங்களுக்காக வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்த கடன் பத்திரத்திலிருந்து. கருவி ஆப்பிளுடையது, உள்ளே இருக்க வேண்டிய பாடங்கள் பாடநூல் வெளியிடும் பியர்சன் நிறுவனத்துடையவை. வாங்கும்போது அந்தப் பாடங்கள் எழுதியே முடிந்திருக்கவில்லை. 2013இல் கொடுக்க ஆரம்பித்தார்கள். சில நாட்களிலேயே பிள்ளைகள் கருவியில் போட்டிருந்த தடைப்பூட்டை உடைத்து வேண்டிய தளங்களுக்கெல்லாம் போய்விட்டார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, உங்களுக்கும் இருக்காது. ஆச்சரியம் அடுத்த ஆண்டு வெளிவந்த மின்னஞ்சல்கள்தான். டெண்டர் கோருவதற்கு வெகு முன்பே டீஸியின் தரப்பும் அந்த நிறுவனங்களும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அவற்றில் தெரிந்தது. 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நின்றது, அக்டோபரில் அவர் பதவி விலகினார், டிசம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ வந்து ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனது. கடைசியில் யார் மீதும் வழக்கு போடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். விலகியவர் அடுத்துப் போய்ச் சேர்ந்தது இன்னொரு கொடையாளரின் அமைப்பில். அது எலி பிராட் நடத்தியது.

டீஸி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஏழைப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளையின் கையில் இருப்பது கிடைக்க வேண்டும் என்றுதான் அவர் பேசினார், அதை நம்பவும் செய்தார். ஆனால் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவரிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு பொது நாற்காலிக்கு வரும்போது, கேள்வி கேட்பவர் எல்லாம் முட்டுக்கட்டையாகத் தெரிவார். உங்களுக்கும் இப்போது அப்படித்தானே தெரிகிறது? கேட்ஸ் அறக்கட்டளையே பெரிய பள்ளிகளைச் சிறு பள்ளிகளாகப் பிரிக்கும் திட்டத்துக்குச் சுமார் 200 கோடி டாலர் செலவழித்துவிட்டு, பல இடங்களில் படிப்பு பெரிதாக முன்னேறவில்லை என்று 2009இல் ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு அது ஒரு பாடம், சரி. அந்த ஆண்டுகளில் அங்கே படித்த பிள்ளைக்கு?

நம் பக்கத்துக்குக் கொடை ஒன்றும் புதிதில்லை. செத்தும் கொடுத்த சீதக்காதியின் கீழக்கரை உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கல்வி அதிகாரி கொடை திரட்டுவதும் புதிதில்லை. காமராஜர் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தினார். முதலில் அந்தப் பள்ளிக்கு என்ன இல்லை என்று பட்டியல் போட்டார்கள்: பெஞ்சு, கரும்பலகை, கூரை, குடிநீர். அந்தப் பட்டியலைப் பார்த்து ஊர் கொடுத்தது. உங்கள் பள்ளியில் பட்டியலே போடாமல் பொருள் வந்து நிற்கிறது.

ஃபேன் ரெக்கையே உப்புக்காற்றில் துருப்பிடிக்கிற தீவு உங்களுடையது. அங்கே ரிப்பேர் யார் பார்ப்பது என்ற கேள்விதான் முதல் கேள்வி. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வருமானம் இல்லாத அந்த நாட்களில் வீட்டில் இருக்கும் டேப்லெட் அடகுக்குப் போகாது என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா? அந்தப் பெண்களால் முடியாது. அதனால்தான் கேட்கிறார்கள்.

சட்டமும் அவர்கள் பக்கம்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. டேப்லெட் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கழிப்பறைக்குத் தண்ணீரும் கணக்கு வாத்தியாரும் அதில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். அறக்கட்டளைக்கு அந்தத் தாளை அனுப்பி, இதில் எதைச் செய்து தருவீர்கள் என்று கேளுங்கள். நல்ல அறக்கட்டளை கோபித்துக்கொள்ளாது.

கடல்பாசி எடுக்கப் போகிற அம்மாக்கள் கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து அடுத்த கூட்டத்தை வையுங்கள். அறக்கட்டளைத் தலைவரையும் கூப்பிடுங்கள். பராமரிப்புச் செலவு எத்தனை ஆண்டுக்கு, யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். பொன்னாடை மட்டும் வாங்கி வைக்காதீர்கள்.