போலி ஆன்டிவைரஸை எப்படி அடையாளம் காண்பது, கணினியிலிருந்து எப்படி நீக்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா முடிந்துவிட்டது, 5 வைரஸ்கள் உள்ளன, உடனே புதுப்பியுங்கள்" என்று ஓயாமல் பெட்டி வருகிறது. நீங்கள் எந்த ஆன்டிவைரஸும் வாங்கியதில்லை. இது உண்மையா, எப்படி நிறுத்துவது?

உண்மையில்லை. வாங்காத பொருளுக்குப் பொதுவாகச் சந்தா முடியாது. தயவுசெய்து பணம் கட்டாதீர்கள், அந்தப் பெட்டியில் உள்ள எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். மற்றதை நிதானமாகச் செய்யலாம். நீங்கள் அவசரப்பட வேண்டும் என்பதுதான் அந்தப் பெட்டியை அனுப்புகிறவர்களின் விருப்பம்.

கணினி பழுதுபார்ப்பது என் தொழில். இந்தப் புகாரோடு வருகிறவர்கள் பலரும் கணினியையே ஃபார்மட் செய்யத் தயாராகத்தான் வருகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்பது. பிரவுசரின் அறிவிப்பாக இருக்கலாம். ஒரு வலைப்பக்கமாக இருக்கலாம். கணினியில் உண்மையிலேயே நிறுவப்பட்ட நிரலாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

உங்களுடையது முதல் வகை என்றே நினைக்கிறேன். அடுத்த முறை பெட்டி வரும்போது பெரிய எழுத்தையும் சிவப்புக் கேடயத்தையும் விட்டுவிட்டு, அதிலுள்ள மங்கலான சிறிய எழுத்தைப் பாருங்கள். குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், அதையொட்டிக் கேள்விப்படாத ஓர் இணைய முகவரியும் இருக்கும். அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் லேப்டாப்பில் இதைத்தான் சுட்டிக் காட்டினேன். பழைய புத்தகம் ஒன்றைத் தரவிறக்கப் போன தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ (Allow, அனுமதி) என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது; அழுத்தியிருக்கிறார். ரோபோ சோதனைக்கு அந்தப் பொத்தான் தேவையே இல்லை. அது அந்தத் தளம் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பத் தரும் அனுமதி. அவருடைய கணினியில் வைரஸ் எதுவும் இல்லை.

இதை நிறுத்த, குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத முகவரி ஒவ்வொன்றையும் நீக்குங்கள். அதே பக்கத்தில் எந்தத் தளமும் இனி அனுமதி கேட்கவே கூடாது என்றும் வைத்துவிடலாம். வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கணினியில் நான் கேட்காமலே அப்படி வைத்துவிடுவேன்.

ஒன்றைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட அறிவிப்பை அழுத்தினால் சில நேரம் பெயர்பெற்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் நிஜமான விற்பனைப் பக்கத்துக்கே போய்ச் சேரும். உங்களை அங்கே அனுப்பியவருக்குக் கமிஷன் கிடைக்கும். விற்பனைப் பக்கம் நிஜம் என்பதால் எச்சரிக்கையும் நிஜம் ஆகிவிடாது.

இரண்டாவது வகை, திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் வலைப்பக்கம். சைரன் ஒலிக்கும், ஸ்கேன் ஓடும், தொலைபேசி எண் இருக்கும். ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் துழாவி வைரஸ் தேட முடியாது; ஓடுவது வெறும் அசைபடம். 2008, 2009 வாக்கில் வந்த பக்கங்கள் விண்டோஸ் எக்ஸ்பியின் மை கம்ப்யூட்டர் ஜன்னலை அப்படியே வரைந்து, சி டிரைவில் இத்தனை வைரஸ் என்று காட்டும். விண்டோஸே இல்லாத, சி டிரைவ் என்ற ஒன்றே கிடையாத லினக்ஸ் கணினியில் திறந்தாலும் அதே எக்ஸ்பி ஜன்னல், அதே சி டிரைவ்! எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள்; முழுத்திரை விலகியதும் மூடிவிடுங்கள். மூட மறுத்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த எண்ணுக்கு மட்டும் அழைக்கக் கூடாது. தன் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

மூன்றாவது வகைதான் உண்மையான போலி ஆன்டிவைரஸ். கணினிக்குள் நிரலாகவே குடியேறி, இல்லாத வைரஸ்களைப் பட்டியலிட்டு, நீக்கப் பணம் கேட்கும். இதன் பின்னால் இருந்தவை பெரிய நிறுவனங்கள். வின்ஃபிக்சர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற பெயர்களில் விற்ற இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனம் உக்ரைனின் கீவ் நகரில் அலுவலகம் வைத்து நடத்தியது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் அதன்மேல் வழக்குத் தொடர்ந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்திருந்தார்கள். 2012இல் நீதிமன்றம் 16 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2011 மே மாதம் மேக் டிஃபெண்டர் என்ற போலி பரவிய பிறகு, ஆப்பிள் கணினிக்கு இந்தத் தொல்லை கிடையாது என்ற பேச்சும் போயிற்று.

என்னை மிகவும் கோபப்படுத்துவது இன்னொரு வழக்கு. அமெரிக்காவின் பெரிய கடைத்தொடரான ஆஃபீஸ் டிப்போவில் கணினியை இலவசமாகப் பரிசோதித்துத் தந்தார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக ஓடுகிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா, அடிக்கடி நின்றுவிடுகிறதா, விளம்பரப் பெட்டிகள் வருகின்றனவா என்று. அவற்றில் ஒன்றை டிக் செய்தாலே போதும்; ஸ்கேன் எதைக் கண்டாலும் காணாவிட்டாலும் தீம்பொருளின் அறிகுறி இருப்பதாக முடிவு வரும். 2019இல் அந்தக் கடைத்தொடரும் மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. நம்பிக் கையில் கொடுத்த கணினியை வைத்தே பயமுறுத்தியிருக்கிறார்கள்! அதனால்தான் கடைக்காரர் காட்டும் ஸ்கேன் முடிவாக இருந்தாலும், என் கடையில் நான் காட்டுவதாகவே இருந்தாலும், எந்தக் கோப்பு, எந்த இடத்தில் என்று கேளுங்கள் என்கிறேன். நிஜமான ஆன்டிவைரஸ் கோப்பின் பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்லும். போலி எண்ணிக்கையைத்தான் பெரிதாகக் காட்டும். சில போலிகள் கோப்புப் பெயர்களையும் அடுக்கும். போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது. கண்டதை நீக்க அது பணம் கேட்பதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் மேனேஜ் புரொவைடர்ஸ் என்பதைப் பார்த்தால் எந்த ஆன்டிவைரஸ் இயங்குகிறது என்று தெரியும். பணம் கேட்கும் நிரலின் பெயர் அங்கே இல்லை என்றால் சந்தேகம் பெரும்பாலும் உறுதியாகிவிடும்.

நீக்கும் முறை இது. இணையத்தைத் துண்டியுங்கள். நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைத் தேதி வரிசையில் வைத்து, தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றைப் பாருங்கள். இலவச வீடியோ மாற்றி, டிரைவர் புதுப்பிப்பான் போன்றவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். தெரியாததை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். நடுவில் "நீக்கினால் கணினி ஆபத்துக்குள்ளாகும்" என்று மிரட்டும், பொருட்படுத்தாதீர்கள்.

அன்இன்ஸ்டால் ஆகவில்லை, டாஸ்க் மேனேஜரையே திறக்க விடவில்லை என்றால் சேஃப் மோடுக்குப் போக வேண்டும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய், அங்கேயும் ரீஸ்டார்ட் கொடுத்த பிறகு 4ஐ அழுத்துங்கள். அந்த நிலையில் விண்டோஸ் தனக்குக் கட்டாயம் தேவையானதை மட்டுமே ஏற்றும் என்பதால் போலி பொதுவாகத் தலைதூக்காது; அங்கே வைத்து அன்இன்ஸ்டால் செய்யுங்கள். சில கணினிகள் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வழக்கமான விண்டோஸுக்குத் திரும்பி, விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி அணைந்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடி நீக்கும். ஏறக்குறைய கால் மணி நேரம். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸ் என்ற தீம்பொருள் நீக்கும் நிரலின் இலவசப் பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி ஓட்டுங்கள். தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். அங்கேயே இன்னொரு போலி காத்திருக்கலாம். கடைசியாக, நெட்வொர்க் செட்டிங்ஸில் நீங்கள் வைக்காத பிராக்ஸி (இணையத் தொடர்பைத் திருப்பிவிடும் இடைவழி) இருக்கிறதா, பிரவுசரில் நீங்கள் சேர்க்காத எக்ஸ்டென்ஷன் (துணை நிரல்) இருக்கிறதா என்று பாருங்கள். நிரலை எடுத்த பிறகும் தொல்லை திரும்புகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இவைதான்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால், முதலில் வங்கியை அழைத்து அந்த கார்டை முடக்குங்கள், பிறகு 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. யாரையாவது தொலைவிலிருந்து கணினிக்குள் வர விட்டிருந்தால், அதற்காக நிறுவிய நிரலை எடுத்துவிட்டு, மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.