சின்னக் குளியலறை, சின்ன பட்ஜெட்: கேள்வி பதில்

பழைய வீட்டுக் குளியலறையைச் சொந்தக் கையால் புதுப்பிக்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. டைல்ஸ், பிளம்பிங் வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஈரோட்டு வாசகி: 4-க்கு 6 அடி பாத்ரூம். கையில் 30,000 ரூபாய்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது அண்ணா?

எதை மாற்றக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் அம்மா. கழிவறைக் கோப்பையும் தரைத் துவாரமும் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அவற்றை ஓரடி நகர்த்தினாலும் தரையை உடைத்து, குழாயை மாற்றி, மறுபடி பூச வேண்டிவரும். பாதிப் பணம் அதிலேயே போய்விடும்.

அடுத்து டைல்ஸ் கணக்கு. தரை 24 சதுர அடி. சுவரின் சுற்றளவு 20 அடி. 7 அடி உயரம் ஒட்டினால், கதவைக் கழித்து சுமார் 122 சதுர அடி ஆகும். 4 அடி உயரம் என்றால் 70 போதும். தண்ணீர் தெறிக்கும் ஷவர் பக்கச் சுவரை மட்டும் 7 அடிக்கு ஏற்றுங்கள். மற்ற சுவர்களில் டைல்ஸுக்கு மேலே எக்ஸ்டீரியர் எமல்ஷன் அடித்தால் நன்றாகவே தாங்கும். வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள்.

கடைகளில் மீந்துபோன பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். எண் மாறினால், ஒட்டிய பிறகு சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

திருச்சி வாசகர்: பழைய டைல்ஸை உடைக்காமல் அதன்மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா?

ஒட்டலாம். முதலில் ஒவ்வொரு பழைய டைல்ஸையும் மரக் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்'கென்று வெற்றொலி வந்தால் அதைப் பெயர்த்து, பள்ளத்தைப் பூசி நிரப்புங்கள். சாதா சிமெண்ட் கலவை வழவழப்பான டைல்ஸில் பிடிக்காது. டைல்ஸ்மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கென்று பாலிமர் கலந்த பசை தனியாக வருகிறது. பையில் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும் என்பதால் கதவு உரசுமா, வாசற்படி தணிந்துவிடுமா என்று அளந்துகொள்ளுங்கள். ஒழுகும் தரைக்கு மட்டும் இந்த வழி வேண்டாம்.

மதுரை வாசகர்: எங்கள் பாத்ரூமுக்குக் கீழ் உள்ள அறையின் கூரையில் ஓதம். டைல்ஸ் இடுக்கில் ஒயிட் சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் உடைக்க வேண்டுமா?

உடைப்பதற்கு முன் ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடியுங்கள். குளியலறைக்குப் போகும் வால்வை மூடி, இரண்டு மூன்று நாள் யாரும் அங்கே தண்ணீர் புழங்காமல் பாருங்கள். ஓதம் காய ஆரம்பித்தால் வால்வை மட்டும் திறந்துவிடுங்கள், குளிக்க வேண்டாம். அப்போது மறுபடி ஈரம் ஏறினால் சுவருக்குள் போகும் குழாயில்தான் கசிவு. ஏறாவிட்டால் தரைத் துவாரத்தைத் துணியால் இறுக அடைத்து ஓரங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் வையுங்கள். கீழே ஈரம் வந்தால் தரைதான் காரணம். வராவிட்டால் அடைப்பை எடுத்துவிட்டு, வாளி வாளியாகத் துவாரத்திலேயே ஊற்றுங்கள். இப்போது சொட்டினால் நானி ட்ராப் (துவாரத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம்) அல்லது கழிவுக் குழாய் இணைப்பில்தான் கசிவு. இந்தக் கடைசி வகையில் துவாரத்தைச் சுற்றி மட்டும் உடைத்தால் போதும்.

தரைதான் என்றால் உடைத்தே ஆக வேண்டும், ஆனால் பூச்சு வேலையை நீங்களே செய்யலாம். பொடியும் திரவமும் சேர்த்துக் கலக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு வாங்குங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவையால் சற்று வளைவாக அணைகொடுங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தளத்தை நனைத்து, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு முதல் கை அடியுங்கள். அது காய்ந்ததும் இரண்டாவது கையை முதலாவதற்குக் குறுக்காக அடியுங்கள். சுவரில் ஓரடி, ஷவர் பக்கம் 6 அடி வரை ஏற்றுங்கள். குழாய் தரையைத் துளைத்து வரும் இடங்களைச் சுற்றி இன்னொரு கை.

நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கொத்தனார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதைத் தவிர்க்காதீர்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரியும் ஒழுக்குக்கு, செய்த வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

தஞ்சாவூர் வாசகி: தரைக்கு வாட்டம் எவ்வளவு?

எட்டடிக்கு ஓர் அங்குலம், அதற்குக் குறையாமல். 6 அடி நீளத் தரை என்றால் முக்கால் அங்குலம். டைல்ஸ் ஒட்டும்போதே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கலவை இறுகும் முன் சரிசெய்துவிடலாம்.

திருப்பூர் வாசகர்: போர் தண்ணீர் உப்புக்கறை. ஆசிட் ஊற்றலாமா?

வேண்டாம் தம்பி. ஆசிட் கறையோடு சேர்த்து இடுக்குச் சிமெண்டையும் தின்றுவிடும், அந்த வழியாகவே தண்ணீர் கீழே இறங்கும். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்துத் தேய்த்து, உடனே கழுவிவிடுங்கள். குளிக்கும் மூலையில் மட்டுமாவது இடுக்குக்குச் சிமெண்டுக்குப் பதிலாக எபாக்சி என்ற பிசின் வகைக் கலவை போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தண்ணீர் உறிஞ்சாது.

கோவை வாசகர்: கீசர் ஒயரிங்கை நானே செய்துகொள்ளலாமா?

கூடாது. 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். ஈரக் கையும் மின்சாரமும் சேரும் இடம் அது. எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். ஷவரையும் அலமாரியையும் தள்ளிப்போட்டாவது இதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

நாகர்கோவில் வாசகி: அம்மாவுக்கு 74 வயது. வழுக்காமல் இருக்க என்ன செய்வது?

தரைக்குப் பளபளப்பில்லாத, சின்ன அளவு டைல்ஸ் போடுங்கள். இடுக்குகள் அதிகம் இருந்தால் கால் பிடிக்கும். கோப்பைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் ஸ்டீல் கைப்பிடி வேண்டும், தரையிலிருந்து சுமார் 33 அங்குல உயரத்தில். டைல்ஸோடு நிறுத்தாமல் செங்கல் வரை துளையிட்டு ஆங்கர் போல்ட் போடுங்கள். துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடியாக நம்ப வேண்டாம், உடல் பாரத்தை அது தாங்காது. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக் கிடந்தாலும் வெளியிலிருந்து திறக்கலாம்.